செயின்ட் ஃபின்பார்ஸ் (கார்க்): ஒரு கேலிக் கிளப்பின் வரலாற்றில் எந்த ஆண்டை நம்புவது?

#1 ஏட்டுச்சுருள்

அயர்லாந்தின் கார்க் நகரத் தென்பகுதியில் டோஹர் வட்டாரத்தில் இருக்கும் செயின்ட் ஃபின்பார்ஸ் கிளப்பின் வரலாற்றைத் தமிழில் காலவரிசையாகத் தொகுக்கிறோம். உள்ளூரில் 'பார்ஸ்' என்றுதான் பேச்சு. ஹர்லிங் (மட்டையால் பந்தடித்து ஆடுவது), கேலிக் கால்பந்து (பந்தைக் கையாலும் காலாலும் ஆடுவது) இரண்டையும் உச்ச மட்டத்தில் ஆடிய கிளப். முதல் வரைவு இது:

1876இல் தொடக்கம், ஆகவே கேலிக் தடகளச் சங்கத்தின் (ஜிஏஏ) மிகப் பழைய கிளப். 1899இல் முதல் கார்க் சீனியர் ஹர்லிங் பட்டம். 1904, 1905, 1906 தொடர்ச்சியாக மூன்று. 1956இல் முதல் சீனியர் கால்பந்துப் பட்டம். 1975, 1978 ஆண்டுகளில் கார்க் ஹர்லிங் பட்டமும் அகில அயர்லாந்து கிளப் பட்டமும். 1980, 1981, 1987இல் கால்பந்தில் அதேபோல. இரண்டு ஆட்டத்திலும் அகில அயர்லாந்து கிளப் பட்டம் வென்ற ஒரே கிளப். 2022இல் 26ஆவது ஹர்லிங் பட்டம்.

இதில் பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். இன்னொரு கேள்வியும் உண்டு. 1880, 1890களின் ஸ்கோர்களைப் பார்த்தால் சில இடங்களில் தோற்ற அணிதான் வென்றதுபோலத் தெரிகிறது. காரணம் என்ன?

#2 கோல்கம்பம்

ஸ்கோரில் இருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அதிகம் பேர் சறுக்குவது அங்கேதான். 2-3 என்றால் 2 கோல் (குறுக்குக் கம்பத்துக்குக் கீழே போனது), 3 பாயிண்ட் (மேலே போனது). இன்று ஒரு கோலுக்கு 3 பாயிண்ட் மதிப்பு. ஆனால் அந்த மதிப்பு மூன்று கட்டங்களில் மாறி வந்தது.

1885இல் வந்த முதல் விதிகளில் கோல் மட்டுமே கணக்கு. பாயிண்ட் என்பது அடுத்த ஆண்டில் சேர்ந்தது, அதுவும் கோல் சமமாக இருந்தால் மட்டுமே பார்க்கப்பட்டது. ஒரே ஒரு கோல், எத்தனை பாயிண்ட் வந்தாலும் அத்தனையையும் மிஞ்சும். 1892இல் கோலுக்கு 5 பாயிண்ட் என்று ஆக்கினார்கள். 1896இல் அது 3 ஆகக் குறைந்தது.

2-3 எதிர் 1-7 என்ற ஆட்டத்தை வைத்துப் பாருங்கள். 1889இல் ஆடியிருந்தால் 2 கோல் அடித்த அணி வென்றது, பாயிண்டை எண்ணவே வேண்டாம். 1894இல் ஆடியிருந்தால் 13க்கு 12, அப்போதும் அதே அணிக்குத்தான் வெற்றி. 1900இல் ஆடியிருந்தால் 9க்கு 10, வெற்றி மாறிவிடும். ஸ்கோர் ஒன்றேதான், வென்றவர் வேறு. எனவே பழைய ஸ்கோரை இன்றைய கணக்கில் கூட்டி அடைப்புக்குறிக்குள் போடாதீர்கள். மூல ஸ்கோரை அப்படியே விட்டு, 'அன்றைய விதிப்படி வெற்றி' என்று எழுதுவதே சரி.

கூடுதல் எச்சரிக்கை ஒன்று. அந்தக் காலப் போட்டிகள் மாதக்கணக்கில் இழுத்தடித்தன. 1887ஆம் ஆண்டின் அகில அயர்லாந்து ஹர்லிங் இறுதியாட்டமே 1888 ஏப்ரல் 1ஆம் தேதிதான் பிர் நகரில் நடந்தது. விதி மாறிய ஆண்டையொட்டிய ஆட்டம் என்றால் தொடரின் ஆண்டைப் பார்க்காமல் ஆட்டம் நடந்த நாளைப் பாருங்கள்.

#3 ஆஷ்மரம்

கோல்கம்பம் சொன்ன கடைசிப் பத்திதான் உங்கள் வரைவில் இருக்கும் பெரிய பிழைக்கும் காரணம். 1975, 1978இல் பார்ஸ் கார்க் பட்டம் வெல்லவில்லை. வென்றது 1974லும் 1977லும்.

அகில அயர்லாந்து கிளப் தொடர் 1970–71 பருவத்தில்தான் தொடங்கியது. கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) பட்டம் வென்ற கிளப் தன் மாகாணத் தொடருக்குப் போகும், கார்க்குக்கு அது மன்ஸ்டர். அதையும் வென்றால் அகில அயர்லாந்து அரையிறுதி, இறுதி. கவுண்டி பட்டம் இலையுதிர் காலத்தில் முடியும், அகில அயர்லாந்து இறுதி அடுத்த ஆண்டில் வரும். ஆகவே கவுண்டி ஆண்டோடு ஒன்றைக் கூட்டினால்தான் அகில அயர்லாந்து ஆண்டு கிடைக்கும். 1974 கவுண்டி வெற்றி 1975 அகில அயர்லாந்துக்குக் கொண்டுபோனது. அங்கே கில்கென்னியின் ஜான்ஸ்டவுன் ஃபெனியன்ஸை வென்றார்கள். 1977 கவுண்டி வெற்றி 1978க்கு. அங்கே வெக்ஸ்ஃபோர்டின் ராத்நூரை வென்றார்கள்.

கால்பந்திலும் இதே கணக்கு: 1979 கவுண்டி, 1980 அகில அயர்லாந்து (எதிரணி கால்வேயின் செயின்ட் கிரெல்லன்ஸ்). 1980 கவுண்டி, 1981 அகில அயர்லாந்து (எதிரணி மீத்தின் வால்டர்ஸ்டவுன்).

சரிபார்க்க முழுப் பட்டியலையும் தருகிறேன். ஹர்லிங்: 1899, 1904, 1905, 1906, 1919, 1922, 1923, 1926, 1932, 1933, 1942, 1943, 1946, 1947, 1955, 1965, 1968, 1974, 1977, 1980, 1981, 1982, 1984, 1988, 1993, 2022. எண்ணிப் பாருங்கள், 26 வரும். கால்பந்து (2021 வரை): 1956, 1957, 1959, 1976, 1979, 1980, 1982, 1985, 2018, 2021. மொத்தம் 10.

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் இரண்டு விஷயம் கண்ணில் படும். 1933க்கும் 1942க்கும் நடுவில் உள்ள வெற்றிடம் முழுக்க ஒரே கிளப்புக்குச் சொந்தம்: 1934 முதல் 1941 வரை தொடர்ந்து எட்டு முறை வென்ற கிளென் ரோவர்ஸ். அந்த எட்டுக்கு முன்னும் பின்னும் வாசற்படிபோல நிற்பது பார்ஸ். அடுத்தது, 1980லும் 1982லும் ஒரே ஆண்டில் இரண்டு கவுண்டி பட்டங்கள். உங்கள் வரைவில் அது இல்லவே இல்லை. இந்தக் கிளப்பின் வரலாற்றில் அதைவிடக் கடினமான சாதனை வேறு இல்லை என்பேன். ஒரே ஆட்டக்காரர் கூட்டம், ஒரே கோடைகாலம், இரண்டு நாக்அவுட் தொடர்கள்.

#4 ஏட்டுச்சுருள்

நன்றி. அப்படியானால் 1987 கால்பந்துக்கு முன்னால் 1986 கவுண்டி பட்டம் இருக்க வேண்டுமே? உங்கள் பட்டியலில் 1985தான் இருக்கிறது. ஒன்று விட்டுப்போய்விட்டதா?

#5 ஆஷ்மரம்

விட்டுப்போகவில்லை. கார்க்கின் தனி அமைப்பைப் புரிந்துகொள்ள இது நல்ல இடம்.

கார்க் கவுண்டி எட்டுப் பிரிவுகளாகப் பிரிந்திருக்கிறது: அவன்டு, பேரா, கார்பெரி, காரிக்டூன், டூஹாலோ, இமோகில்லி, மஸ்கெரி, ஷாண்டூன். நகரக் கிளப்புகள் ஷாண்டூன் பிரிவில். சிறிய கிளப்புகளில் இருக்கும் திறமையான ஆட்டக்காரர்கள் தங்கள் கிளப்புக்குக் கீழ்மட்டத்தில் ஆடிக்கொண்டே, பிரிவு அணிக்காகச் சீனியர் தொடரிலும் ஆடலாம். பிரிவு அணி கவுண்டி பட்டத்தையும் வெல்லலாம். ஆனால் அது கிளப் அல்ல என்பதால் மன்ஸ்டர் கிளப் தொடருக்குப் போக முடியாது. கார்க் சார்பில் வேறொரு கிளப் போகும்.

1986 கால்பந்துப் பட்டம் இமோகில்லிக்கு. மன்ஸ்டருக்குப் போனது பார்ஸ். அங்கிருந்து 1987 இறுதிவரை சென்று ராஸ்காமனின் கிளான் நா கேலை வென்றார்கள். அதாவது பார்ஸின் ஐந்து அகில அயர்லாந்து பட்டங்களில் நான்குக்கு முன் ஒரு கவுண்டி பட்டம் உண்டு, ஐந்தாவதுக்கு இல்லை. உங்கள் தொகுப்பில் 'முந்தைய ஆண்டு கவுண்டி சாம்பியன்' என்று இயந்திரத்தனமாக நிரப்பினால் இந்த வரி தவறாகிவிடும்.

பிற்கால உதாரணமும் உண்டு. இமோகில்லி 2017, 2018, 2019 மூன்று ஆண்டும் ஹர்லிங் பட்டம் வென்றது. 2019இல் மன்ஸ்டருக்குப் போனது இறுதியில் தோற்ற கிளென் ரோவர்ஸ்.

ஆனால் இந்தத் தடை எல்லாக் காலத்திலும் இருந்ததாக எழுதிவிடாதீர்கள். முதல் அகில அயர்லாந்து கிளப் கால்பந்துப் பட்டத்தை 1971இல் வென்ற ஈஸ்ட் கெர்ரியே ஒரு பிரிவு அணிதான்.

#6 பழங்கணக்கு

'ஒரே கிளப்' என்ற வரியை மாற்ற வேண்டும். பல ஆண்டுகள் அது உண்மை. டப்ளினின் டால்கி பகுதியைச் சேர்ந்த குவாலா கிளப் 2017லும் 2018லும் அகில அயர்லாந்து ஹர்லிங் பட்டம் வென்றது. அதே கிளப் 2025 ஜனவரியில் எரிகல் கியரனை வீழ்த்திக் கால்பந்துப் பட்டமும் வாங்கியது. ஆகவே இப்போது இரண்டு கிளப்புகள். 'இரண்டு ஆட்டத்திலும் வென்ற முதல் கிளப்' என்று எழுதுங்கள். 1975 ஹர்லிங், 1980 கால்பந்து என்பதால் 1980இல் அந்தப் பெருமை உறுதியாயிற்று. அதை இனி யாரும் பறிக்க முடியாது. 'முதல்' என்ற சொல் நிலைக்கும், 'ஒரே' என்ற சொல் காலாவதியாகும். கிளப் வரலாறுகளில் 'ஒரே' வரும் இடமெல்லாம் ஒரு தேதி போட்டு வைப்பது நல்லது.

1876 விஷயமும் அப்படித்தான். ஜிஏஏ தொடங்கியது 1884 நவம்பர் 1, தர்லஸ் ஊரில் ஹேய்ஸ் ஓட்டலில். மைக்கேல் கியூசாக், மாரிஸ் டேவின் முதலியோர் கூடிய கூட்டம். அதற்கு எட்டு ஆண்டு முன்னால் இருந்த கிளப்பை 'ஜிஏஏவின் மிகப் பழைய கிளப்' என்று எழுதினால் வாக்கியமே முரண்படுகிறது. எந்தக் கிளப்புக்கும் மூன்று தேதிகள் உண்டு: அந்தப் பெயரில் முதன்முதலாக ஆடிய ஆண்டு, சங்கத்தில் இணைந்த ஆண்டு, கவுண்டி தொடரில் முதலில் கலந்துகொண்ட ஆண்டு. கார்க் கவுண்டி தொடர் 1887இல் தொடங்கியது. 1876 என்பது கிளப் தானே கொண்டாடும் ஆண்டு. அதை 'கிளப் தன் தொடக்கமாகக் கொள்ளும் ஆண்டு' என்று எழுதினால் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது.

#7 இடதுகோடி

பெயர்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கிளென் ரோவர்ஸை வைத்தே சொல்கிறேன். நகரின் வடக்கே பிளாக்பூல் பகுதியில் ஹர்லிங் ஆடும்போது கிளென் ரோவர்ஸ், கால்பந்து ஆடும்போது செயின்ட் நிக்கலஸ். ஆட்கள் பெரும்பாலும் ஒருவரே. பின்னாளில் பிரதமரான ஜேக் லின்ச் இந்த இரண்டிலும் ஆடியவர். கார்க் கவுண்டி அணியோடு 1941 முதல் 1946 வரை தொடர்ந்து ஆறு அகில அயர்லாந்து பதக்கம் பெற்றார். அதில் 1945 மட்டும் கால்பந்து. 'கிளென் ரோவர்ஸ் கால்பந்து' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. பார்ஸில் அந்தச் சிக்கல் இல்லை, இரண்டு ஆட்டத்துக்கும் ஒரே பெயர். அதனால்தான் இரண்டு கிளப்பையும் ஒப்பிடும்போது கிளென்னின் கால்பந்துப் பக்கம் காணாமல் போகிறது.

ஆட்டக்காரர் பெயரில் இன்னொரு சிக்கல். ஆட்ட நிகழ்ச்சி ஏடுகளில் ஐரிஷ் மொழி வடிவத்தில் பெயர் வரும். லின்ச் அங்கே 'ஓ லின்ஷி'. இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய ஓர் அட்டவணை இல்லாமல் பட்டியல் தொகுக்கத் தொடங்கினால் ஒரே ஆளை இருவராக எண்ணிவிடுவீர்கள்.

1971 வரை 27ஆம் விதி என்ற தடையும் இருந்தது. கால்பந்து (சாக்கர்), ரக்பி, ஹாக்கி, கிரிக்கெட் ஆடினால் சங்கத்திலிருந்து நீக்கம். அதனால் புனைபெயரில் அந்தப் பக்கம் ஆடியவர்கள் உண்டு. கேலிக் பட்டியலில் நன்றாக ஆடிவந்த ஒருவர் திடீரென ஒரு பருவம் காணாமல் போனால் காயம் என்று முடிவுகட்டாதீர்கள். கவுண்டி குழுவின் கூட்டக் குறிப்பைப் பாருங்கள்.

#8 ஏட்டுச்சுருள்

'ஜூனியர்' என்றால் சிறுவர் அணி என்று வரைவின் இரண்டாம் பகுதியில் எழுதியிருக்கிறது. சரிதானே?

#9 கோல்கம்பம்

இல்லை. சீனியர், இன்டர்மீடியட், ஜூனியர் மூன்றும் பெரியவர்களின் தரநிலைகள். ஜூனியர் என்றால் கீழ்த்தட்டு. 35 வயதுக்காரரும் ஜூனியர் ஆடுவார். வயதைக் குறிக்கும் சொல் 'மைனர்', நெடுங்காலம் 18 வயதுக்குட்பட்டவர் என்று பொருள். தமிழில் 'ஜூனியர்' என்று அப்படியே விட்டால் வாசகர் தவறாகத்தான் எடுத்துக்கொள்வார். முதல் இடத்திலேயே 'மூன்றாம் தரப் பெரியவர் அணி' என்று விளக்கிவிடுங்கள்.

#10 பழங்கணக்கு

செய்தித்தாள் பார்க்கும் முறையையும் சொல்லிவிடலாம். கார்க்குக்கு முதன்மை மூலம் 1841இல் தொடங்கிய கார்க் எக்ஸாமினர். பலரும் ஞாயிறு ஆட்டத்துக்குத் திங்கள் இதழைப் பார்த்து ஸ்கோரை எழுதிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது போதாது. தோற்ற அணி ஆட்சேபம் கொடுக்கும். தகுதியில்லாத ஆள் ஆடினார், வேறு பங்கை (தேவாலய வட்டத்தை) சேர்ந்தவர் ஆடினார், நடுவர் நேரத்தைத் தவறாகக் கணக்கிட்டார் என்று காரணம் சொல்வார்கள். கவுண்டி குழு கூடி முடிவை மாற்றும், அல்லது மறு ஆட்டம் வைக்கும். எனவே ஆட்ட நாளிலிருந்து குறைந்தது ஆறு வாரம் தொடர்ந்து படியுங்கள், குழுக்கூட்டச் செய்தியையும் சேர்த்து. அந்தச் செய்தி விளையாட்டுப் பக்கத்தில் இல்லாமல் உள்ளூர்ச் செய்திக்குள் சிறு எழுத்தில் கிடக்கும்.

இணையத் தேடலில் 'ஃபின்பார்ஸ்' என்று ஒரே எழுத்துக்கூட்டலை நம்பவேண்டாம். ஒற்றை ஆர், இரட்டை ஆர், இடையில் மேற்காற்புள்ளி (') உள்ளது, இல்லாதது எல்லாவற்றையும் தனித்தனியாகத் தேடுங்கள். பழைய அச்சை இயந்திரம் படிக்கும்போது எழுத்துகள் சிதையும். எதிரணிப் பெயரை வைத்துத் தேடினால் அகப்படாதது அகப்படும்.

ஆட்களை அடையாளம் காண 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டுப் படிவங்கள் இலவசமாக இணையத்தில் உள்ளன. பெயர், வயது, தொழில், மதம், ஐரிஷ் தெரியுமா என்பது வரை இருக்கும். அதற்கு முன்னால் போக முடியாது. 1861 முதல் 1891 வரையிலான படிவங்கள் அரசு ஆணையாலேயே அழிக்கப்பட்டன. 1821 முதல் 1851 வரையிலானவற்றில் பெரும்பகுதி 1922இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்து ஆவணக் காப்பகத் தீயில் போயிற்று. வயதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 1909 ஜனவரியில் 70 வயதானோருக்கு ஓய்வூதியம் வந்தபின் 1911இல் பலருக்குப் பத்து ஆண்டில் பதினைந்து வயது ஏறியிருக்கிறது. இளம் ஆட்டக்காரருக்கு இது பெரிதாகப் பாதிக்காது, கிளப் தலைவர், பொருளாளர் போன்ற மூத்தவர்களுக்குப் பாதிக்கும்.

#11 ஆஷ்மரம்

தேதி இல்லாத குழுப் புகைப்படங்களுக்கு ஒரு வழி. ஆட்களை எண்ணுங்கள். தொடக்கத்தில் ஓர் அணிக்கு 21 பேர், 1892இல் 17, 1913இல் 15. ஆனால் படத்தில் மாற்று ஆட்டக்காரரும் நிர்வாகிகளும் நிற்பார்கள். தலையை எண்ணாமல் ஜெர்சி போட்டவர்களை மட்டும் எண்ணுங்கள். 18 பேர் ஜெர்சியில் நின்றால் 17+1ஆ 15+3ஆ என்று சொல்ல முடியாது. அப்போது பின்னால் கம்பம் தெரிகிறதா பாருங்கள். 1910 வரை கோல்கம்பங்களுக்கு இருபுறமும் தனிப் பாயிண்ட் கம்பங்கள் நின்றன. அந்த ஆண்டில்தான் இன்றைய எச் வடிவக் கம்பம் வந்தது. நான்கு கம்பம் தெரிந்தால் படம் 1910க்கு முந்தியது என்று கொள்ளலாம்.

பதக்கத்துக்கு வேறு வழி. டப்ளின் ஹால்மார்க் (உலோகத் தூய்மை முத்திரை) இருந்தால் முடிசூடிய யாழ், ஹைபர்னியா பெண்ணுருவம், ஓர் ஆண்டெழுத்து மூன்றையும் பூதக்கண்ணாடியில் தேடுங்கள். ஆண்டெழுத்து காட்டுவது உலோகம் சோதிக்கப்பட்ட ஆண்டை. ஆட்டம் நடந்த ஆண்டு அதுவாகவே இருக்க வேண்டியதில்லை. பணமில்லாமல் ஓரிரு ஆண்டு கழித்துப் பதக்கம் செய்தவர்கள் உண்டு. பின்பக்கப் பொறிப்பும் ஹால்மார்க்கும் முரண்பட்டால் இரண்டையும் பதிவுசெய்யுங்கள், ஒன்றைத் 'திருத்த' வேண்டாம். தேய்த்துப் பளபளப்பாக்கவே கூடாது, முதலில் அழிவது அந்தச் சிறு முத்திரைதான்.

#12 இடதுகோடி

கவுண்டி சாம்பியனைக் கண்டுபிடிக்க இன்னொரு குறுக்குவழி: கார்க் கவுண்டி ஹர்லிங் அணியின் கேப்டன்கள். முந்தைய ஆண்டு கவுண்டி பட்டம் வென்ற கிளப்தான் கேப்டனை முன்மொழியும் வழக்கம் அன்று இருந்தது. 1942இல் கேப்டன் லின்ச், ஏனென்றால் 1941 கிளென்னுக்கு. 1944இல் ஷான் காண்டன், 1943 பார்ஸுக்கு. 1966இல் ஜெரால்ட் மெக்கார்த்தி, 1965 பார்ஸுக்கு. 1978இல் சார்லி மெக்கார்த்தி, 1977 பார்ஸுக்கு.

#13 பழங்கணக்கு

இடதுகோடி தோழர், துப்பாக வைத்துக்கொள்ளலாம், ஆதாரமாக ஏற்க மாட்டேன். பிரிவு அணி சாம்பியனாகும் ஆண்டுகளில் 'கிளப்' என்பதே குழம்பிவிடும். கேப்டன் பட்டியலிலிருந்து சாம்பியனை ஊகிக்காதீர்கள். சாம்பியன் தெரிந்தபின் கேப்டனோடு ஒத்துப்பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னும் பழைய காலத்தில் கவுண்டிக்கும் கிளப்புக்கும் வேறுபாடே இல்லை. முதல் தொடர்களில் கவுண்டி சாம்பியன் கிளப்தான் கவுண்டியாக ஆடியது. 1892 முதல்தான் மற்ற கிளப்புகளிலிருந்தும் ஆட்களைச் சேர்க்க அனுமதி. 'கார்க் 1890 ஹர்லிங்' என்றால் அஹாபுல்லோக் கிளப். 1893, 1894இல் பெயர் கொடுத்து முன்னின்றது பிளாக்ராக்.

#14 ஆஷ்மரம்

பார்ஸ் கட்டுரையில் 1919ஐக் கட்டாயம் விரித்து எழுதுங்கள். அதற்குமுன் கார்க் கவுண்டி அணியின் ஜெர்சி நீலம், நடுவில் மஞ்சளில் பெரிய 'சி' எழுத்து. 1919இல் பிரிட்டிஷ் படையினர் கவுண்டி குழு அலுவலகத்தில் புகுந்து ஜெர்சிகளை எடுத்துச் சென்றார்கள். ஃபாதர் ஓ'லியரி மதுவிலக்குச் சங்க அணி அந்தப் பருவத் தொடக்கத்தில் பார்ஸோடு இணைந்திருந்தது, அதன் சிவப்பு ஜெர்சிகள் சும்மா கிடந்தன. அவற்றைப் போட்டுக்கொண்டு கார்க் டப்ளினை வென்று அகில அயர்லாந்து பட்டம் பெற்றது. சிவப்பு அன்று முதல் நிலைத்தது. அதே 1919இல் பார்ஸ் கவுண்டி பட்டமும் வென்றது, பட்டியலில் பாருங்கள். கிளப் இணைப்பு என்ற வறண்ட நிர்வாகச் செய்தி ஒரு கவுண்டியின் நிறத்தையே முடிவு செய்திருக்கிறது.

1970களுக்கும் ஒரு வரி சேருங்கள். 1971 முதல் 1979 வரை ஒன்பது அகில அயர்லாந்து ஹர்லிங் கிளப் பட்டங்களில் ஏழு கார்க் நகரத்தின் மூன்று கிளப்புகளுக்கு: பிளாக்ராக் 1972, 1974, 1979. கிளென் 1973, 1977. பார்ஸ் 1975, 1978. கார்க் கவுண்டி இறுதியில் தோற்ற அணியே நாட்டில் எந்த அணிக்கும் ஈடுகொடுத்திருக்கும் காலம் அது.

#15 ஏட்டுச்சுருள்

அனைவருக்கும் நன்றி. திருத்திய முதல் பத்தி இது, ஒத்துப்பார்த்துச் சொல்லுங்கள்:

'கிளப் தன் தொடக்கமாகக் கொள்ளும் ஆண்டு 1876. ஜிஏஏ பிறப்பதற்கு எட்டு ஆண்டு முன். முதல் கார்க் சீனியர் ஹர்லிங் பட்டம் 1899, அண்மையது 2022, மொத்தம் 26. கால்பந்தில் 1956 முதல் 2021 வரை 10. ஒரே ஆண்டில் இரண்டு கவுண்டி பட்டங்களும்: 1980, 1982. அகில அயர்லாந்து கிளப் பட்டம்: ஹர்லிங் 1975 (1974 கவுண்டி), 1978 (1977 கவுண்டி). கால்பந்து 1980 (1979 கவுண்டி), 1981 (1980 கவுண்டி), 1987 (1986 கவுண்டி சாம்பியன் இமோகில்லி பிரிவு அணி). இரண்டு ஆட்டத்திலும் அகில அயர்லாந்து பட்டம் வென்ற முதல் கிளப். இரண்டாவது குவாலா, 2025 ஜனவரி.'

#16 கோல்கம்பம்

சரியாக இருக்கிறது. கமோகியை, அதாவது பெண்கள் ஆடும் ஹர்லிங்கை, விட்டுவிடாதீர்கள். அதன் சங்கம் 1904இல் தனியாகத் தொடங்கியது. பெண்கள் கேலிக் கால்பந்துச் சங்கம் 1974இல். இரண்டுக்கும் தனிக் குழு, தனிக் குறிப்பேடு. ஜிஏஏ கவுண்டி குழுவின் ஏடுகளை முழுக்கப் புரட்டினாலும் அந்த முடிவுகள் அங்கே இருக்காது. தேட வேண்டிய பெட்டியே வேறு. இரண்டாம் பகுதியைத் தொடங்குவதற்கு முன் அதற்கு ஒரு தனி நெடுவரிசை போட்டுவிடுங்கள்.